மஞ்சள் குடைக்குப் பின்னால்

தையல்காரர்: தப்பா நினைச்சுக்காதீங்கம்மா... அந்தக் கோட்டு எங்க வாங்கினீங்க?

மாமியார்: கடையில.

தையல்காரர்: எந்தக் கடை?

மாமியார்: ஏதோ ஒரு கடை. வண்டி கிளம்பற நேரத்துல என்ன கேள்வி இது.

தையல்காரர்: இல்ல... காலருக்கு உள்பக்கம் தையல் ரெட்டையா ஓடுது. நம்ம ஊர்ல அப்படித் தைக்கிறவன் ஒரே ஒருத்தன்தான். அவன் இப்போ உங்க எதிர்ல உக்காந்திருக்கான். அந்த முகமூடியைக் கொஞ்சம் கீழ இறக்குங்க, சம்பந்தி.

மாமியார்: மெதுவா... அவ காதுல விழுந்துடும்.

தையல்காரர்: அவ முன்பெட்டியில இருக்கா. விழாது. நீங்க எங்க இங்க?

மாமியார்: நீங்க எங்க இங்க? தலையில தொப்பி, கண்ணுல கறுப்புக் கண்ணாடி. திருடன் மாதிரி.

தையல்காரர்: நான் அவளைப் பெத்த அப்பன்.

மாமியார்: நான் அவ மாமியார்.

தையல்காரர்: அவதான் யாரும் வரக்கூடாதுன்னு சொன்னாளே. "வீட்டு மனுஷங்க மூஞ்சியைக் கண்டா எனக்கு வாய் பூட்டிக்கும், ஒருத்தரும் வரக்கூடாது"ன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கினாளே.

மாமியார்: என்கிட்டயும் வாங்கினா.

தையல்காரர்: வாங்கியுமா வந்தீங்க?

மாமியார்: உங்களை மாதிரித்தான்.

தையல்காரர்: சரி, விடுங்க. வீட்டுல என்ன சொல்லிட்டு வந்தீங்க?

மாமியார்: அச்சகத்துல அவசர வேலைன்னு. நீங்க?

தையல்காரர்: மிஷினுக்கு பெல்ட் வாங்கப் போறேன்னு. என் வீட்டுக்காரி அப்படியே நம்பிட்டா. திரும்பி வரும்போது மறக்காம பெல்ட் வாங்கணும், கொஞ்சம் ஞாபகப்படுத்துங்க.

மாமியார்: ஸ்டேஷன்ல அவ எல்லாருக்கும் காதுல மாட்டறதைக் குடுத்தாளே... எப்படித் தப்பிச்சீங்க?

தையல்காரர்: குனிஞ்சு ஷூ கயிறு கட்டற மாதிரி கையை மட்டும் நீட்டினேன். நீங்க?

மாமியார்: இருமினேன். எட்ட நின்னு குடுத்துட்டு ஓடிட்டா.

தையல்காரர்: கெட்டிக்காரிதான். இதை எப்படி மாட்டறது? எந்தக் காது?

மாமியார்: எந்தக் காதும். கொக்கி மேல. அவ சொல்றது நமக்குக் கேக்கும். நாம சொல்றது அவளுக்குக் கேக்காது.

தையல்காரர்: அதுவரைக்கும் தப்பிச்சோம்.

வழிகாட்டி: வணக்கம்... எல்லாருக்கும் நல்லாக் கேக்குதா? கேக்கலைன்னா கையைத் தூக்குங்க. நான்தான் இன்னைக்கு உங்களுக்கு வழிகாட்டி. வண்டி இன்னும் ஒரு மணி நேரத்துல ஓவிய நகரத்துக்குள்ள நுழையும். இறங்கினதும் என் மஞ்சள் குடையை விட்டுடாதீங்க. குடை எங்கயோ, நாம அங்க.

தையல்காரர்: ஆ... காதுக்குள்ளயே இருக்கா. தொட்டில்ல கேட்ட குரல் மாதிரியே இருக்கு.

மாமியார்: தொட்டில்ல அழுதிருக்கும்.

தையல்காரர்: இப்படி ஒரு வரி சொல்லி ஆளை உக்கார வெச்சுடுவீங்க. கவனிச்சீங்களா, அவ தன் பேரைச் சொல்லல. பயணிகளேன்னும் சொல்லல. பிளாட்பாரம்னும் சொல்லல. "இறங்கினதும்"னு முடிச்சுட்டா.

மாமியார்: கவனிச்சேன்.

தையல்காரர்: உங்களுக்குத் தெரியாததா. நாலு வயசுல ஆரம்பிச்சுது. மத்த எழுத்தெல்லாம் தண்ணியா ஓடும். ப-ல ஆரம்பிக்கிற வார்த்தை வந்தா மட்டும் அணை போட்ட மாதிரி நின்னுடும். உதடு ஒட்டிக்கும். முகம் சிவந்துடும். அப்புறம் வேற வார்த்தை தேடித் தப்பிச்சு ஓடுவா. பால் வேணும்னா "டம்ளர்"னு கேப்பா.

மாமியார்: ம்.

தையல்காரர்: நான் உடனே எடுத்துக் குடுத்துடுவேன். பாலா, பழமா, பந்தான்னு. அவ வாய் திறக்கறதுக்குள்ள நான் சொல்லிடுவேன். அவளைக் கஷ்டப்பட விட்டதே இல்ல.

மாமியார்: அதான்...

தையல்காரர்: என்ன அதான்?

மாமியார்: ஒண்ணுமில்ல. சொல்லுங்க.

தையல்காரர்: நேத்து ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல. இவளுக்கு எதுக்கு இந்த வேலை? டூர் கம்பெனியில டிக்கெட் குடுக்கற ஜன்னல்ல உக்காந்திருந்தா. யாரும் பேசச் சொல்லல. இவளா போய் "நானும் குடை பிடிக்கிறேன்"னு நின்னா. சரி, ஒரே ஒரு தடவை அனுப்பறோம், எங்க ஆள் ஒருத்தர் கூட்டத்தோட கூட்டமா டிக்கெட் வாங்கிட்டு வருவார், அவர் சரின்னா வேலை உனக்கு, இல்லன்னா மறுபடியும் ஜன்னல்னு சொல்லிட்டாங்க.

மாமியார்: அந்த ஆள் யாருன்னு தெரியுமா?

தையல்காரர்: எனக்கு அந்த கேமராக்காரர் மேல சந்தேகம். கழுத்துல அவ்வளவு நீள கேமரா, ஒரு படம்கூட எடுக்கல. ஸ்டேஷன்ல அவ வாயையே பாத்துக்கிட்டிருந்தார். இன்னொருத்தர் வண்டி ஏறினதுலேருந்து குறட்டை. அந்தத் தூங்குமூஞ்சி இல்ல, நிச்சயமா.

மாமியார்: ஜன்னலுக்கு வெளியே கவனிங்க... அந்தச் சுவர்ல.

தையல்காரர்: அட. எவ்வளவு பெரிய போஸ்டர். இது அந்தக் கூரை ஓவியத்துல இருக்கற பறவை.

மாமியார்: ஊர் முழுக்க அதான் இருக்குமாம். மக்ல, தட்டுல, கைக்குட்டையில.

தையல்காரர்: "பச்சைப் பறவை." இதைக் காட்டத்தான் எல்லாரையும் கூட்டிட்டுப் போறா. இதைச் சொல்லாம இந்த ஊரைச் சுத்திக் காட்டவே முடியாது. சம்பந்தி... ரெண்டு ப.

மாமியார்: மூணு.

தையல்காரர்: எப்படி மூணு?

மாமியார்: நடுவுல ஒற்று இருக்கு. அதை விட்டுட்டீங்க.

*

வழிகாட்டி: எல்லாரும் வந்தாச்சா? இடது கை ஓரமா நில்லுங்க, சைக்கிள் வரும். இப்போ நாம நிக்கிறது, ஆத்தைத் தாண்டறதுக்காகக் கட்டின கல் வளைவு...

தையல்காரர்: பாலம். பாலத்தை "கல் வளைவு"ன்னுட்டா. தப்பிச்சா.

மாமியார்: நல்லாத்தான் இருக்கு.

தையல்காரர்: குனியுங்க, குனியுங்க. திரும்பறா.

மாமியார்: சிலைக்கு இந்தாண்ட வாங்க. இந்தச் சிலை உங்களைவிட அகலம்.

வழிகாட்டி: ரெண்டு ஓரத்துலயும் சிலைகள் இருக்கு, கவனிங்க. ராஜாவோ ராணியோ இல்ல. எல்லாம் இந்த ஊர்ல உழைச்சவங்க. கொல்லர், தச்சர், மீன் விக்கிறவர். அதுக்கு அடுத்து, கையில குழலோட நிக்கிறவர்...

தையல்காரர்: பாட்டுக்காரன். ஐயோ, ப. மாட்டினா.

மாமியார்: இசைக்காரர்.

வழிகாட்டி: ...இசைக்காரர்.

தையல்காரர்: நீங்க சொன்னதையே சொல்லிட்டா. எப்படி?

மாமியார்: அச்சகத்துல இதே வேலைதான். ஒரே வார்த்தை ஒரு வரியில ரெண்டு தடவை வந்துட்டா, வேற வார்த்தை தேடணும்.

தையல்காரர்: அப்படியா. "பக்கத்துல"?

மாமியார்: அருகே.

தையல்காரர்: "பன்னெண்டு"?

மாமியார்: ஒரு டஜன்.

தையல்காரர்: "பல்லி"?

மாமியார்: சுவத்துல ஓடறது.

தையல்காரர்: "பல்வலி"?

மாமியார்: வாய்க்குள்ள வலி. இதென்ன, எனக்கு தேர்வு வெக்கிறீங்களா?

தையல்காரர்: அசந்துட்டேன், சம்பந்தி. அதான் உங்க வீட்டுல உக்காந்தா ஏதோ அச்சடிச்ச தாளைப் படிக்கிற மாதிரியே இருக்கும். போன தடவை வந்தப்போ, "டீ சூடா வெள்ளையா ஒண்ணு தரட்டுமா, இல்ல கறுப்பா தரட்டுமா"ன்னு கேட்டீங்க. நான் ஏதோ சாயத்துணி கேக்கறீங்கன்னு நினைச்சேன்.

மாமியார்: வெள்ளையைத்தான் குடிச்சீங்க.

தையல்காரர்: குடிச்சேன், குடிச்சேன். எங்க வீட்டுல உங்களுக்கு ஒரு பட்டப்பேர் இருக்கு. சொன்னா கோவப்படக் கூடாது.

மாமியார்: சொல்லுங்க.

தையல்காரர்: வேணாம்.

மாமியார்: ஆரம்பிச்சுட்டு நிறுத்தாதீங்க.

தையல்காரர்: முற்றுப்புள்ளி.

மாமியார்: ...

தையல்காரர்: கோவமா?

மாமியார்: இல்ல. கேள்விக்குறின்னு வெக்காம விட்டீங்களே, அதுவரைக்கும் நல்லது. நடங்க, குடை தூரமாயிடுச்சு.

*

தையல்காரர்: இந்த பெஞ்சுல உக்காருவோம். அவங்க அந்த மரத்தடியில சாப்பிடறாங்க, இங்கேருந்து தெரியும். ரொட்டி கொண்டாந்திருக்கேன். எடுத்துக்கோங்க.

மாமியார்: என்கிட்டயும் இருக்கு.

தையல்காரர்: இருக்கட்டும், இதையும் எடுத்துக்கோங்க. நம்ம ரெண்டு பேரும் தனியா உக்காந்து சாப்பிடறது இதான் மொத தடவை.

மாமியார்: ஆமா.

தையல்காரர்: ஒண்ணு கேக்கறேன். நேரா சொல்லணும். எதுக்கு வந்தீங்க?

மாமியார்: கேக்க வந்தேன். அவ குரலை.

தையல்காரர்: அவ்வளவுதானா? அவ தடுமாறினா, நாளைக்கு வீட்டுல வெச்சு, "இதுக்குத்தான் ஜன்னல் வேலையே உனக்குச் சரின்னேன்"னு சொல்ல வரலையே?

மாமியார்: அப்படியா நினைச்சீங்க.

தையல்காரர்: நான் தைக்கிறவன், சம்பந்தி. மனசுல இருக்கறதை மடிச்சு உள்ள வெக்கத் தெரியாது. உங்க பையனே சொல்லியிருக்கார். காலையில நீங்களும் என் பொண்ணும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கிறீங்களாம். உள்ள ஏதோ முணுமுணுன்னு சத்தமாம், திடீர்னு நின்னுடுமாம், மறுபடியும் ஆரம்பிக்குமாம். யாரும் உள்ள வரக்கூடாதாம். வெளியே வரும்போது என் பொண்ணு கண்ணு சிவந்திருக்குமாம்.

மாமியார்: வெங்காயம்.

தையல்காரர்: தினமுமா?

மாமியார்: தினமும்தான் சமைக்கிறோம்.

தையல்காரர்: அவளைக் கேட்டா அவளும் வெங்காயம்ங்கறா. சொல்லி வெச்ச மாதிரி. சரி. இன்னொண்ணு. இது பழசு. மூணு வருஷமா நெஞ்சுல முள்ளு மாதிரி கிடக்குது.

மாமியார்: சொல்லுங்க.

தையல்காரர்: கல்யாணப் பேச்சுக்கு எங்க வீட்டுக்கு வந்தீங்களே. உங்க வீட்டுக்காரர் சொன்னார், பொண்ணு பிடிச்சிருக்குன்னு. மாப்பிள்ளை சொன்னார். உங்க நாத்தனார்கூட ரெண்டு தடவை சொன்னாங்க. எல்லாரும் உங்க முகத்தைப் பாத்தாங்க. நான் பாத்தேன். என் பொண்ணு கதவுக்குப் பின்னாடி நின்னு பாத்தா. நீங்க வாயைத் திறந்தீங்க... மூடினீங்க. தலையை ஆட்டிட்டு, "எங்களுக்குச் சம்மதம்"னீங்க.

மாமியார்: சம்மதம்னா சம்மதம்தானே.

தையல்காரர்: சம்மதம் வேற, பிடிச்சிருக்குங்கறது வேற. வாடகைக்கு வீடு குடுக்கறவன்கூட சம்மதம்பான். அவளுக்குத் திக்கும்னு முன்னாடியே உங்ககிட்ட சொல்லிட்டேன், மறைக்கல. அதனாலதான் உங்களுக்கு மனசு வரலைன்னு நினைச்சேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மாமியார்: சம்பந்தி...

தையல்காரர்: சொல்லுங்க.

மாமியார்: குடை கிளம்பிடுச்சு. எழுந்திரிங்க.

*

தையல்காரர்: எவ்வளவு உசரம் இந்த மண்டபம். கழுத்து வலிக்குது.

மாமியார்: தூணுக்கு இந்தாண்ட நில்லுங்க. தொப்பி வெளியே தெரியுது.

வழிகாட்டி: எல்லாரும் நடுவுல வந்து நில்லுங்க. இந்தக் கூரையைக் காணத்தான் உலகத்துல எங்கெங்கோ இருந்து வர்றாங்க. கண்ணை மேல தூக்குங்க. அதோ... இறக்கையை விரிச்சுக்கிட்டு, இலை நிறத்துல... உலகத்துக்கே தெரிஞ்ச இந்த ஓவியம்...

தையல்காரர்: இலை நிறம். நல்லா சமாளிச்சா.

மாமியார்: ம். ஆனா ரொம்ப நேரம் தாங்காது.

வழிகாட்டி: இதை வரைஞ்சவர் இதே ஊர்ல, இந்த மண்டபத்துக்கு எதிர்வீட்டுல வாழ்ந்தார். சாரத்துல மல்லாந்து கிடந்தே வரைஞ்சார். சாயம் கண்ணுல சொட்டிச் சொட்டி, கடைசியில ஒரு கண்ணு மங்கிடுச்சு...

தையல்காரர்: கேமராக்காரர் கையைத் தூக்கறார்.

மாமியார்: என்ன கேக்கறார்?

தையல்காரர்: இருங்க, அவ மைக்ல லேசா விழுது... "ஏம்மா, இவ்வளவு சொன்னியே, இதோட பேரைச் சொல்லவே இல்லையே. நான் பதிவு பண்றேன், பேரைச் சொல்லு"ங்கறார். ஊர் முழுக்க எழுதி வெச்சிருக்கு, கண்ணு தெரியலையா இவருக்கு?

வழிகாட்டி: இதோட...

தையல்காரர்: இவர்தான் ஆபீஸ் ஆள். சொன்னேன்ல, இவர்தான்.

வழிகாட்டி: இதோட... ப...

தையல்காரர்: ஐயோ.

வழிகாட்டி: ப...

தையல்காரர்: நான் போறேன். நான் போய் "பச்சைப் பறவை"ன்னு கத்திடறேன். யாரோ ஒரு பயணி சொன்ன மாதிரி இருக்கும்.

மாமியார்: நகராதீங்க.

தையல்காரர்: சட்டையை விடுங்க, சம்பந்தி.

மாமியார்: விட மாட்டேன்.

தையல்காரர்: என் பொண்ணு அங்க தவிக்கிறா.

மாமியார்: தவிக்கட்டும். வார்த்தையை எடுத்துக் குடுக்காதீங்க. அவ வாயில இருக்கற வார்த்தையை அடுத்தவங்க சொல்லிட்டா, அது அவளோடதே இல்லைன்னு ஆயிடும். அதைவிட வலி வேற இல்ல.

தையல்காரர்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

மாமியார்: ...அவ சொன்னா.

தையல்காரர்: என்கிட்ட சொன்னதே இல்லையே.

மாமியார்: நீங்க சொல்ல விட்டாத்தானே.

வழிகாட்டி: ப... ப...

தையல்காரர்: கூட்டம் ஒருத்தரை ஒருத்தர் பாக்குது.

மாமியார்: காத்திருங்க.

தையல்காரர்: எவ்வளவு நேரம்?

மாமியார்: அவ சொல்ற வரைக்கும்.

வழிகாட்டி: ப... ப... பச்சைப்... ப... பறவை.

தையல்காரர்: ...

மாமியார்: ...

வழிகாட்டி: பச்சைப் பறவை. எனக்கு இந்த எழுத்து வர்றதுக்குக் கொஞ்சம் நேரமாகும். தப்பா நினைக்காதீங்க. இந்த ஓவியருக்கு இந்தப் ப... பறவை வர்றதுக்கு ஏழு வருஷம் ஆச்சு. அவரோட வெச்சுப் பாத்தா நான் ரொம்ப வேகம்.

தையல்காரர்: சிரிக்கிறாங்க. சம்பந்தி, எல்லாரும் சிரிக்கிறாங்க.

மாமியார்: நல்லாக் கேளுங்க. அந்தச் சிரிப்பு வேற.

தையல்காரர்: கை தட்டறாங்க... அந்தக் கேமராக்காரர்தான் மொதல்ல தட்டறார். தூங்குமூஞ்சிகூட தட்டறார்.

மாமியார்: நீங்க தட்டாதீங்க. கண்டுக்குவா.

தையல்காரர்: எனக்குக் கண்ணாடிக்குள்ள ஒண்ணுமே தெரியல. முழுக்க நனைஞ்சு போச்சு.

மாமியார்: இந்தாங்க, கைக்குட்டை.

தையல்காரர்: நீங்க?

மாமியார்: எனக்கு இந்த முகமூடி இருக்கு. உறிஞ்சிக்கும்.

வழிகாட்டி: இன்னும் ஒண்ணு சொல்லணும். காலையில நாம நின்னோமே, கல் வளைவுன்னு சொன்னேனே... அது ப... பாலம். ரொம்பப் பழைய பாலம். குழல் வெச்சிருந்தவர் இசைக்காரர் இல்ல, பாட்டுக்காரர். வண்டியிலேருந்து இறங்கினோமே, அது பிளாட்பாரம். உங்களுக்கெல்லாம் இன்னைக்கு நான் நிறைய வார்த்தை கடன். ஒண்ணொண்ணாத் திருப்பித் தந்துடறேன். இப்போ எல்லாரும் மேல பாருங்க. ப... பாருங்க. நல்லாப் பாருங்க.

தையல்காரர்: பாருங்கன்னு சொல்லிட்டா.

மாமியார்: சொல்லிட்டா.

தையல்காரர்: என் காதுல கேட்டேன், சம்பந்தி. காதுக்குள்ளயே வந்து சொன்னா.

மாமியார்: நானும் கேட்டேன்.

தையல்காரர்: வாங்க, நாமளும் மேல பாப்போம். இவ்வளவு நேரம் அந்தப் பறவையை நான் பாக்கவே இல்ல. குடையையே பாத்துக்கிட்டிருந்துட்டேன்.

*

தையல்காரர்: வண்டி நகர்ந்துடுச்சு. டீ வாங்கிட்டேன். உங்களுக்கு வெள்ளை.

மாமியார்: இவ்வளவு நேரமா எங்க?

தையல்காரர்: கதையைக் கேளுங்க. டீக்கு நின்னேன். எனக்கு முன்னாடி அந்தத் தூங்குமூஞ்சி, காதுல போன். "சார், நான் குறட்டை விடற மாதிரி கிடந்தே முழுசாக் கேட்டுட்டேன்"ங்கறார். "இந்தப் பொண்ணு இன்னைக்கு ஒருத்தரைக்கூட ஓரமா நின்னு தூங்க விடல. அடுத்த மாசத்துலேருந்து வாராவாரம் குடையை இவங்க கையிலயே குடுங்க"ங்கறார்.

மாமியார்: நிஜமா?

தையல்காரர்: நிஜமா. எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கணும் போல இருந்துச்சு. ரெண்டு கையிலயும் டீ.

மாமியார்: அப்போ அந்தக் கேமராக்காரர்?

தையல்காரர்: பாவம், அவர் வெறும் கேமராக்காரர். லென்ஸ் மூடியைக் கழட்டவே இல்லையாம் நாள் முழுக்க. இப்போதான் கண்டுபிடிச்சார். அங்க தலையில கை வெச்சு உக்காந்திருக்கார்.

மாமியார்: அடடா.

தையல்காரர்: சிரிச்சுட்டீங்க. மூணு வருஷத்துல நீங்க சத்தமா சிரிச்சு நான் கேட்டதில்ல.

வழிகாட்டி: எல்லாருக்கும் நன்றி. நாள் எப்படி இருந்துச்சுன்னு இறங்கும்போது சொல்லிட்டுப் போங்க. காதுல மாட்டினதை எல்லாரும் இப்போ என்கிட்ட குடுத்துடலாம்... கடைசிப் பெட்டியில இருக்கற ரெண்டு பேரைத் தவிர.

தையல்காரர்: கடைசிப் பெட்டின்னா... இது கடைசிப் பெட்டி.

வழிகாட்டி: அப்பா. அந்தத் தொப்பித் துணியிலதான் எனக்குப் பள்ளிக்கூடப் பை தெச்சுக் குடுத்தீங்க. உலகத்துல அந்தக் கட்டம் போட்ட துணி வேற யாருகிட்டயும் இல்ல. ஸ்டேஷன்ல நீங்க ஷூ கயிறு கட்டினப்பவே தெரியும். உங்க ஷூவுக்குக் கயிறே கிடையாது.

தையல்காரர்: ஐயையோ.

மாமியார்: நான் சொன்னேன், தொப்பி வெளியே தெரியுதுன்னு.

வழிகாட்டி: அப்பா, தூணுக்குப் பின்னாடி நின்னீங்க. ஓடி வந்து எனக்காக ப... பதில் சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன். நீங்க வரல. அந்த ஒரு நிமிஷத்துக்கு நன்றிப்பா.

தையல்காரர்: நான் வரத்தான் பாத்தேன், கண்ணு... கேக்காதில்ல அவளுக்கு. சம்பந்தி, அவகிட்ட சொல்லிடுங்க. நீங்கதான் சட்டையைப் பிடிச்சு இழுத்தீங்கன்னு.

மாமியார்: வேணாம். அது அப்படியே இருக்கட்டும்.

வழிகாட்டி: அத்தை. நீங்க இருமினது எனக்குத் தெரியாதா. தினமும் காலையில அடுப்படியில எனக்கு எதிர்ல நின்னு இருமறதுதானே. இன்னைக்கு நான் சொல்லிட்டேன். நான் சொன்னா நீங்களும் சொல்றேன்னு வாக்குக் குடுத்திருக்கீங்க. உங்க முறை. அப்பா எதிர்லதான் உக்காந்திருப்பார். நான் மைக்கை அணைச்சுடறேன்.

தையல்காரர்: என்ன முறை? என்ன வாக்கு? அப்போ அது வெங்காயம் இல்லையா?

மாமியார்: இல்ல.

தையல்காரர்: டீ சிந்துது, சம்பந்தி. டம்ளரை இப்படிக் குடுங்க.

மாமியார்: அன்னைக்கு... உங்க வீட்டுல. எல்லாரும் சொன்னாங்க. நான் சொல்லல.

தையல்காரர்: அதை விடுங்க. நான் ஏதோ மத்தியானம் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். இன்னைக்கு நல்ல நாள், அதைப் போய்...

மாமியார்: சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன்.

தையல்காரர்: சரி, சரி, சம்மதம்னீங்க, அதுவே...

மாமியார்: ப...

தையல்காரர்: என்ன? தண்ணி வேணுமா?

மாமியார்: ப... ப...

தையல்காரர்: சம்பந்தி... வெள்ளை டீ. வாய்க்குள்ள வலி. சுவத்துல ஓடறது... ஐயோ. நீங்க இன்னைக்குக் காலையிலேருந்து... இல்ல, இந்த மூணு வருஷமா...

மாமியார்: ப...

தையல்காரர்: இல்ல. நான் குறுக்க பேசல. எடுத்தும் குடுக்க மாட்டேன். வண்டி ஊர் போய்ச் சேரட்டும், அதைத் தாண்டியும் போகட்டும். நான் இங்கேயே உக்காந்திருக்கேன். நீங்க சொல்லுங்க.

மாமியார்: ப... ப... பொண்ணு... ப... பிடிச்சிருக்கு, சம்பந்தி.